வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள்: வேட்பாளர் செலவுப் பதிவேடு எப்படி இருக்கிறது?

வேட்புமனுவை வாங்கிக்கொண்ட கையோடு, தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கும், அத்தாட்சியும் இருக்கும். விலை கிடையாது. அரசாங்கம் ஒரு வேட்பாளருக்கு இலவசமாகத் தருவதில் உருப்படியானது இதுதான். ஒழுங்காக எழுதித் திருப்பிக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாமல் செய்துவிடக்கூடியதும் இதுதான். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறோம். மக்களவைத் தேர்தலுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

முதலில் அளவு. 2022 ஜனவரியில் உயர்த்தியபோது பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2014இல் இது 28 லட்சமும் 70 லட்சமுமாக இருந்தது. 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, மனு தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, அந்த இரண்டு நாளும் சேர்த்து, வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ செய்யும் செலவெல்லாம் இதில் ஏற வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் கணக்கும் முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடிவிடுகிறவர்கள் அதிகம். வாக்கு எண்ணும் இடத்தில் உட்காரும் ஏஜென்டுகளுக்கு வாங்கும் சாப்பாட்டுப் பொட்டலமும் கணக்குதான். அதேபோல் மனு தாக்கலுக்கு முன்பே அச்சடித்து வைத்த நோட்டீஸை அதற்குப் பிறகு விநியோகித்தால், அதன் விலையும் உள்ளே வரும். பழைய பில் தேதியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பதிவேட்டைத் தொடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்கியிருக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் இருக்கலாம், தேர்தல் ஏஜென்டோடு கூட்டாகவும் இருக்கலாம். வீட்டம்மாவையோ தம்பியையோ கூட்டாகச் சேர்த்த பழைய சேமிப்புக் கணக்கை நீட்டினால் செல்லாது, அவர்களே ஏஜென்டாக இருந்தால் ஒழிய. சொந்தப் பணமாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். மனு தாக்கல் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வங்கி வாசலில் ஆதார் நகலோடு அலைகிற சுயேச்சைகளைப் பார்க்க நேர்வது இதனால்தான். தாக்கல் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே காசோலைப் புத்தகத்தோடு தயாராக இருப்பது நல்லது.

பதிவேட்டுக்குள் மூன்று நிறம். வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. வடிவமைப்பைக் குறை சொல்ல முடியாது. கணக்கு எழுதத் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பகுதிதான் உயிர். தேதி, செலவின் விவரம், எத்தனை, ஒன்றுக்கு என்ன விலை, மொத்தம், யாருக்குக் கொடுத்தது, பில் எண் என்று போய், கடைசியில் மூன்று கட்டம் வரும்: வேட்பாளர் அல்லது ஏஜென்ட் செய்தது, கட்சி செய்தது, மற்றவர் செய்தது. இந்த மூன்று கட்டத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். நண்பர் ஒருவர் தன் வேனைச் சும்மா கொடுக்கிறார் என்றால் காசு கைமாறவில்லைதான். ஆனாலும் அந்த வேனின் ஒரு நாள் வாடகையை மதிப்பிட்டு ‘மற்றவர்’ கட்டத்தில் எழுத வேண்டும். கட்சித் தலைமை கொடி, தோரணம் அனுப்பினால் ‘கட்சி’ கட்டம். ‘நமக்குத்தான் செலவே இல்லையே’ என்று விட்டுவிட்டால், தேர்தல் அதிகாரிகள் எடுக்கும் வீடியோவில் அந்த வேன் ஓடும்.

‘விவரம், எத்தனை, என்ன விலை’ என்று தனித்தனியாகக் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ‘பொதுக்கூட்டச் செலவு 38,000’ என்று ஒரே வரியில் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். மேடை எத்தனை அடி, நாற்காலி எத்தனை, டியூப்லைட் எத்தனை, மைக் செட் எத்தனை மணி நேரம் என்று உடைக்க வேண்டும். ஏனென்றால் இதே கூட்டத்தைத் தேர்தல் அதிகாரிகள் தரப்பில் இன்னொருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த எண்ணிக்கைதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம். வீடியோ கண்காணிப்புக் குழு கூட்டத்துக்கு வந்ததும், படம் பிடிக்கத் தொடங்கும்போதே தேதி, இடம், கட்சி, வேட்பாளர் பெயரைக் குரலில் பதிவு செய்துகொள்ளும். பிறகு வண்டிகளின் நம்பர் பிளேட், நாற்காலி வரிசை, மேடையின் அளவு, பேனர், கட்அவுட் எல்லாம் கேமராவில் ஏறும். அந்தக் காட்சியைப் பார்வைக் குழு உட்கார்ந்து பார்த்துப் பட்டியலாக்க, கணக்குக் குழு அதற்கு விலை போட்டு, அதிகாரிகள் தரப்பில் தனியாக வைத்திருக்கும் ‘நிழல் பதிவேட்டில்’ எழுதும். சான்றுகள் தனிக் கோப்பில் சேரும். போடும் விலை மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட பட்டியல்படி. டீ, பிரியாணி தொடங்கி மாலை, பட்டாசு, ஜெனரேட்டர் வரை அந்தப் பட்டியலில் உண்டு.

பில்லுக்கும் பட்டியலுக்கும் இடையில்தான் சண்டை வரும். உதாரணத்துக்கு, 500 நாற்காலிக்குப் பந்தல்காரர் தெரிந்தவர் என்பதால் தலா 6 ரூபாய் பில் போட்டிருக்கிறார், பட்டியலில் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பதிவேட்டில் 3,000, நிழல் பதிவேட்டில் 5,000. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளில் 2,000 வித்தியாசம். முப்பது கூட்டம், இருபது பொருள் என்று பெருக்கிப் பார்த்தால் உச்சவரம்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வியர்த்துவிடும். விலைப்பட்டியலை இறுதி செய்யும் முன் மாவட்டத் தேர்தல் அலுவலர் அரசியல் கட்சிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார். ஆட்சேபம் இருந்தால் உள்ளூர்க் கடைகளின் விலைப்புள்ளிகளோடு அங்கேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் கட்சிகள் அனுப்புவது பெரும்பாலும் டீ குடித்துவிட்டு வரும் ஆளைத்தான். பிரசாரம் சூடுபிடித்த பிறகு விலை அநியாயம் என்று கத்துவதில் பயனில்லை.

இளஞ்சிவப்புப் பகுதி எளிது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, நாள் முடிவில் இருப்பு. ஆனால் ஒரு கட்டம் பலருக்குப் புதிதாக இருக்கும்: மீதி ரொக்கம் எங்கே, யாரிடம் இருக்கிறது என்று எழுதக் கேட்கிறது. பணத்தை மூன்று ஒன்றியச் செயலாளர்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் மூவர் பெயரும், யாரிடம் எவ்வளவு என்பதும் வர வேண்டும். எழுதாத பணத்தோடு அவர்களில் ஒருவர், சாலையில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் நிலைக் கண்காணிப்புக் குழுவின் சோதனையில் நின்றால் பதில் சொல்வது கஷ்டம். வேட்பாளர், ஏஜென்ட், கட்சிக்காரர் செல்லும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல்தான்.

மஞ்சள் பகுதி வங்கிப் புத்தகத்தின் நகல் மாதிரி. அதில் சொல்ல அதிகமில்லை. காசோலை எண்ணை மட்டும் விடாமல் எழுதினால் போதும்.

ரொக்கமா, காசோலையா என்பதில் ஒரு விதி எல்லோரையும் கவிழ்க்கிறது. ஒரு நபருக்கோ கடைக்கோ தேர்தல் காலம் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. 2018 நவம்பர் வரை இது 20,000. ‘முழுவதற்கும் சேர்த்து’ என்பதுதான் சங்கதி. ஒரே ஷாமியானாக்காரருக்கு நான்கு கூட்டத்துக்குத் தலா 4,000 ரொக்கமாகக் கொடுத்தால், ஒவ்வொரு பில்லும் யோக்கியமாகத்தான் தெரியும். மூன்றாவது பில்லிலேயே வரம்பு உடைந்துவிட்டது. தினம் வரும் பெட்ரோல் பங்க், சமையல்காரர், ஆட்டோக்காரர் ஆகியோரை முதல் நாளிலிருந்தே வங்கிப் பரிமாற்றத்தில் வைத்துவிடுவதுதான் வழி. நன்கொடை வாங்குவதற்கும் ஒரு நபருக்கு ரொக்கத்தில் இதே 10,000தான் எல்லை.

வவுச்சர் இல்லாத செலவே இருக்கக் கூடாது. தபால் தலை, ரயில் டிக்கெட் மாதிரி இயல்பாகவே வவுச்சர் வாங்க முடியாதவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி பெட்டிக்கடை டீக்கும் துண்டுச் சீட்டு வேண்டும், ஏஜென்ட் கையெழுத்தோடு. நோட்டீஸின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இருப்பது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின் கட்டாயம். வெளியிடுபவர் இரண்டு பேர் சாட்சியோடு உறுதிமொழி தர வேண்டும். அச்சகம் மூன்று நாளுக்குள் பிரதிகளையும் எண்ணிக்கையையும் அடித்த விலையையும் அதிகாரிகளுக்கு அனுப்பும். ஆகவே நீங்கள் 5,000 பிரதி என்று எழுதி, அச்சகம் 50,000 என்று அனுப்பியிருந்தால் கதை முடிந்தது.

பிரசாரம் நடக்கும்போதே குறைந்தது மூன்று முறை பதிவேட்டை, செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். தேதியை முன்பே சொல்லிவிடுவார்கள். போகாமல் விட்டால் நோட்டீஸ் வரும், வண்டி அனுமதியும் பறிபோகலாம். வித்தியாசம் கண்டால் 24 மணி நேரத்துக்குள் நோட்டீஸ், 48 மணி நேரத்துக்குள் பதில். பதில் தராவிட்டால் நிழல் பதிவேட்டில் உள்ள தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பதிலில் ‘ஏற்கவில்லை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பொருள், எத்தனை, எந்த பில் என்று வரிவரியாக மறுத்தால் மட்டுமே பின்னால் உதவும். அனுமதி வாங்கிய வண்டி ஓடவில்லை என்றால் அதையும் அன்றே எழுத்தில் தெரிவித்து அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் வாடகை, டீசல், டிரைவர் சம்பளம் மூன்றும் உங்கள் தலையில்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். சிறிய, பில் போட்டுச் செய்யும் செலவைப் பிடிக்க இதைவிட நுணுக்கமான ஏற்பாடு நம் ஊரில் வேறு எந்தத் துறையிலும் கிடையாது.

ஆனால் பதிவேட்டின் வேலி வேட்பாளரைச் சுற்றி மட்டும்தான். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. கட்சிக்கு உள்ள கடமை, சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாளுக்குள், மக்களவைக்கு 90 நாளுக்குள் செலவு அறிக்கை தருவது மட்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் அனுமதி, பதிவு பெற்ற மற்றக் கட்சிகளுக்கு 20. அவர்களின் ஹெலிகாப்டரும் விமானமும் வேட்பாளர் கணக்கில் வராது. தலைவர் மேடையில் பொதுவாகக் கட்சிக்கு வாக்குக் கேட்டால் அது கட்சிச் செலவு. அதே மேடையில் வேட்பாளர் ஏறினாலோ, பெயரும் படமும் பேனரில் இருந்தாலோதான் செலவு பங்கு பிரியும். எட்டு லட்ச ரூபாய்க் கூட்டத்தில் நான்கு வேட்பாளர்கள் நின்றால் தலைக்கு இரண்டு லட்சம். தலைவரின் வண்டியில் வேட்பாளரும் ஏறிக்கொண்டால் அந்தப் பயணச் செலவில் பாதி வேட்பாளர் பக்கம் வரும். கணக்குப் பிள்ளைகள் ‘அண்ணே, மேடைக்குக் கீழேயே நில்லுங்க, வண்டியில ஏறாதீங்க’ என்று கெஞ்சுவது மரியாதைக் குறைவால் அல்ல. சுயேச்சைக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அவருக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் அதே விலைப்பட்டியலும்தான்.

அடுத்து, பில்லே போடாத பணம். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகரிலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் தேர்தலையே ரத்து செய்தார்கள். பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ஒன்று ரத்தானது நாட்டிலேயே வேலூரில்தான் முதல்முறை. இந்த நான்கிலும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது சோதனைகளில் சிக்கிய பணமும் பொருளும். எந்த நிறத் தாளும் அதைக் காட்டவில்லை, காட்டவும் முடியாது. லஞ்சம் கொடுப்பவர் வெள்ளைத் தாளில் வரி போட்டு எழுத மாட்டார்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2018இல் சி-விஜில் செயலி வந்தது. தெருவில் நடப்பதைப் படமாகவோ இரண்டு நிமிட வீடியோவாகவோ எடுத்து அனுப்பினால், 100 நிமிடத்துக்குள் முடிவு என்பது வாக்குறுதி. பறக்கும் படை வந்துசேர 15 நிமிடம், விசாரிக்க 30 நிமிடம், அதிகாரி முடிவெடுக்க 50 நிமிடம் என்று கணக்கு. இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும். எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கேலரியில் இருக்கும் பழைய படத்தை ஏற்ற முடியாது என்பதால் பொய்ப் புகார் குறையும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், அப்போது புகார் என்னவாயிற்று என்று பின்தொடர முடியாது. சுவர் விளம்பரம், அனுமதியில்லாத பேனர் போன்றவற்றுக்கு அருமையாக வேலை செய்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வாசலில் கவரோடு நிற்கும் அதே தெருக்காரர் முகத்துக்கு நேரே செல்போனைத் தூக்கும் துணிச்சலைச் செயலி தராது.

வாக்காளர்கள் அதிகம் பயன்படுத்தாத வசதி ஒன்று உண்டு. வேட்பாளர் தாக்கல் செய்த கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யாரும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பார்க்கலாம், கட்டணத்தோடு சான்றிட்ட நகலும் வாங்கலாம். உங்கள் தெருமுனைக் கூட்டத்தில் எத்தனை நாற்காலி என்று நீங்களே எண்ணியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

அரசாங்கமே செலவைத் தந்துவிடலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழும். 1998இல் இந்திரஜித் குப்தா குழு அதை ஆதரித்தது, ஆனால் ரொக்கமாக அல்ல, பொருளாக, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். இன்று நடைமுறையில் கிடைப்பது கொஞ்சம்தான்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கு இலவச வாக்காளர் பட்டியல், கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம். 2023 அக்டோபரிலிருந்து அந்த நேரத்துக்கான சீட்டை இணையம் வழியாகவே தருகிறார்கள். சுயேச்சைக்கு இரண்டும் இல்லை. அவர் 10,000 ரூபாய் டெபாசிட் கட்டி (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000), பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அதைத் திரும்பப் பெறலாம். வேட்பாளர் கையில் பொதுப்பணம் என்று எதுவும் வராத நாட்டில், வரவுப் பக்கத்தில் ‘சொந்தப் பணம், கட்சி, மற்றவர்’ என்று மூன்றே தலைப்புகள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

கணக்கைத் தாக்கல் செய்யும் கட்டத்துக்கு வருவோம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். அதற்கு முன், 26ஆம் நாள் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம் நடக்கும். நிழல் பதிவேட்டோடு உள்ள வித்தியாசத்தைப் பேசித் தீர்க்க அதுதான் நல்ல வாய்ப்பு. தோற்றவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் போனவர், போட்டியின்றித் தேர்வானவர், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவர் எல்லோரும் தாக்கல் செய்தாக வேண்டும். தகுதி நீக்கம் ஆவோரில் பெரும்பாலோர் அதிகமாகச் செலவழித்தவர்கள் அல்ல, கணக்கே கொடுக்காமல் ஊருக்குப் போய்விட்ட சின்ன வேட்பாளர்கள்.

கணக்குக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: மூன்று பகுதியும் உள்ள அசல் பதிவேடு, அசல் பில்களும் வவுச்சர்களும் எண் வரிசையில், வங்கி அறிக்கை, சுருக்க அறிக்கை அதன் அட்டவணைகளோடு, உறுதிமொழிப் பத்திரம். சுருக்க அறிக்கையில் வேட்பாளரே கையெழுத்திட வேண்டும், ஏஜென்ட் போட்டால் குறைபாடு. குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்த செலவுக்கும் தனி அட்டவணை உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளைப் பகுதியின் கூட்டுத்தொகையும் சுருக்க அறிக்கையின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். பில் வரிசையில் ஒன்று விடுபட்டிருந்தாலும் பார்வையாளர் தரப்பின் கண்ணுக்குத் தப்பாது.

கொடுத்ததும் தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தேர்தல் ஆணையத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். பதிலை ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்பி, நகலை மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் கொடுக்க வேண்டும். விட்டுப்போன கணக்கு ஏதேனும் இருந்தால் அதே நகலோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஐந்து நாளுக்குள் அவர் தன் கருத்தோடு மேலே அனுப்பிவிடுவார்.